கார் டைட்டிலில் பிறர் கையொப்பம்: அமெரிக்கச் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது?

தந்தை இறந்து மூன்று வாரங்களே ஆகியிருக்கின்றன. வாசலில் அவருடைய கார் நிற்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஒருவர் பணத்தோடு வந்து காத்திருக்கிறார். டைட்டில் எனப்படும் ஒற்றைத் தாளில் விற்பவர் கையொப்பமிட வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. பள்ளிக்காலத்தில் மதிப்பெண் அட்டையில் தந்தையின் கையொப்பத்தைப் போட்டுப் பழகிய மகனுக்கு அந்த இடத்தை நிரப்ப ஐந்து நொடி போதும். யாரையும் ஏமாற்றுவதாக அவர் நினைக்கவில்லை. எப்படியும் அந்தக் கார் தமக்கு வரவேண்டியதுதானே என்றுதான் நினைக்கிறார். ஆனால், திருட்டுக் காரை விற்கும் கும்பல் ஒன்று டைட்டிலில் பொய்க் கையொப்பமிட்டால் எந்தச் சட்டப்பிரிவின்கீழ் வழக்குப் பதிவாகுமோ, அதே பிரிவின் வாசலுக்கு அந்த ஐந்து நொடிச் செயல் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடும்.

டைட்டில் மோசடி என்றதும் நம் நினைவுக்கு வருவது கும்பல்கள்தாம். நடைமுறையிலோ கணவனுக்காக மனைவியும், ஊர் திரும்பிவிட்ட நண்பருக்காக அறைத்தோழரும், இறந்தவருக்காகப் பிள்ளையும் இதைச் செய்துவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு, அதே வேலையை முறையாக முடிக்க ஒரு படிவம் இருந்தது என்பதே தெரிந்திருப்பதில்லை. ஆகவே தண்டனைகளைப் பட்டியலிடுவதற்கு முன்பு, அந்தத் தாளில் உள்ள கையொப்பத்துக்குச் சட்டம் ஏன் இவ்வளவு எடை தருகிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரியாக இருக்கும்.

டைட்டில் என்ற தாள்

அமெரிக்காவில் ஒரு வாகனத்துக்கு இரண்டு தனித்தனி ஆவணங்கள் உண்டு. ஒன்று, பதிவுச் சான்று. வாகனத்தைச் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி அது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கப்படுகிறது. மற்றொன்று டைட்டில். வாகனம் யாருடைய சொத்து என்பதைச் சொல்லும் உரிமைச் சான்றிதழ் அது. ஆர்.சி. புத்தகம் ஒன்றையே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பிரிவு முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். பதிவுச் சான்றைக் காட்டி ஒருவர் காரை விற்க முடியாது. டைட்டிலைக் கைமாற்றித்தான் விற்க முடியும்.

டைட்டிலை மத்திய அரசு வழங்குவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் மோட்டார் வாகனத் துறை மூலம், தன் சட்டப்படி வழங்குகிறது. பொதுப்பேச்சில் அந்தத் துறையை டி.எம்.வி. என்பார்கள், டெக்சாஸில் இந்த வேலையின் பெரும்பகுதி மாவட்ட வரி அலுவலகங்களில் நடக்கிறது. கலிபோர்னியாவில் இன்றும் பலர் டைட்டிலை ‘பிங்க் ஸ்லிப்’ என்றே அழைக்கிறார்கள். தாளின் நிறம் மாறிப் பல ஆண்டுகளாகியும் பெயர் மாறவில்லை.

உரிமையாளரின் பெயர், வாகனத்தின் 17 இலக்க அடையாள எண், கடன் கொடுத்த வங்கி இருந்தால் அதன் பெயர் ஆகியவை டைட்டிலில் அச்சிடப்பட்டிருக்கும். அதே தாளில், பெரும்பாலும் பின்பக்கத்தில், உரிமை மாற்றப் பகுதி இருக்கும். வாங்குபவர் பெயர், விலை, தேதி, அன்றைய ஓட்டமானி அளவு (வாகனம் அதுவரை ஓடிய தொலைவு) ஆகியவற்றை நிரப்பி உரிமையாளர் அங்கே கையொப்பமிடுகிறார். இந்தக் கையொப்பம் விற்பனைக்கு ஒரு சாட்சி மட்டும் அன்று. பதிவேட்டைப் பொறுத்தவரை உரிமையைக் கைமாற்றும் செயலே அதுதான். வாங்கியவர் அந்தத் தாளை அலுவலகத்தில் கொடுத்ததும், அந்தக் கையொப்பத்தை நம்பி அரசு பழைய பெயரை நீக்கிப் புதுப் பெயரில் டைட்டில் அச்சிடுகிறது. எனவே அங்கே பொய்க் கையொப்பமிடுபவர் ஒரே நேரத்தில் மூவரிடம் பொய் சொல்கிறார்: உரிமையாளரின் சொத்தைப் பற்றி வாங்குபவரிடமும், அவருடைய சம்மதத்தைப் பற்றி அரசிடமும், பின்னாளில் அந்தப் பதிவேட்டை நம்பிக் கடன் தரப்போகும் வங்கியிடமும்.

எது போலிக் கையொப்பம்?

போலிக் கையொப்பம் என்றால் அசல்போலவே வரைந்திருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். எழுத்தின் ஒற்றுமைக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை. ஒருவர் அனுமதி தராத ஒரு செயலை, அவரே செய்ததுபோல ஆவணத்தில் காட்டுவதுதான் குற்றம். அச்செழுத்தில் பெயரை எழுதினாலும், அசலுக்குத் துளியும் பொருந்தாத கிறுக்கலாக இருந்தாலும், அதுவும் போலிதான். மேலும், தாமே கையொப்பமிடாதவர் தப்பித்துவிடுவார் என்பதும் தவறு. கையொப்பம் போலி என்று தெரிந்துகொண்டே அந்தத் தாளைப் பிறரிடம் கொடுப்பதும், அலுவலகத்தில் தாக்கல் செய்வதும் பெரும்பாலான மாநிலங்களில் தனிக் குற்றமாகவோ அதே குற்றத்தின் மற்றொரு வடிவமாகவோ கருதப்படுகின்றன.

இங்கே ‘அனுமதி’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உரிமையாளர் முறையாக எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, அவருடைய பெயரை எழுதி, ‘அவருக்காக அவருடைய முகவராகிய நான்’ என்று தெரியும்படித் தம் கையொப்பத்தையும் இட்டு, பத்திரத்தையும் உடன் இணைப்பவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஒரே செயலைத் திறந்த மனத்தோடு செய்வதற்கும் மறைத்துச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இது. தொலைபேசியில் “நீயே போட்டுவிடு” என்று உரிமையாளர் சொல்லியிருந்தால், அது குற்ற வழக்கில் ஒரு தற்காப்பு வாதமாக உதவலாம். ஆனால் அந்த வாய்ச்சொல்லை நிரூபிக்க வேண்டிய நாளில், உறவு கெட்டுப்போன கணவனோ, பங்குத் தகராறில் இருக்கும் சகோதரனோதான் எதிரே சாட்சியாக நிற்பார் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

அதிகாரப் பத்திரத்தைப் பற்றி அடிக்கடி தவறாக எண்ணப்படுவது ஒன்று உண்டு. எழுதிக்கொடுத்தவர் இறந்த கணமே அந்தப் பத்திரமும் உயிரிழந்துவிடுகிறது. தந்தை உயிரோடிருந்தபோது மகனுக்குக் கொடுத்த அதிகாரம், அவர் மறைந்த பிறகு காரை விற்க உதவாது.

அடுத்தது நோக்கம். பல மாநிலச் சட்டங்கள் ‘ஏமாற்றும் நோக்கம்’ இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்கின்றன. அந்த நோக்கத்துக்கு யாரும் உண்மையில் பணம் இழந்திருக்க வேண்டியதில்லை. பொய்யை மெய்யென்று ஒருவரை நம்பவைத்து, அதன்மேல் அவரைச் செயல்படவைக்கும் எண்ணம் இருந்தாலே போதும் என்பதே பொதுவான நிலை. கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் 4463ஆம் பிரிவு இப்படி ஏமாற்றும் நோக்கத்தைக் கேட்கும் வகையைச் சேர்ந்தது. டெக்சாஸின் போக்குவரத்துச் சட்டம் 501.155ஆம் பிரிவோ வேறு வழியில் செல்கிறது. டைட்டில் விண்ணப்பத்திலோ, உரிமை மாற்றத்திலோ, கடன் விடுவிப்பிலோ, சட்டப்படியான அதிகாரமின்றி மற்றொருவரின் பெயரைத் தெரிந்தே கையொப்பமிடுவதையே அது குற்றமாக்குகிறது. ‘நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை’ என்ற வாதத்துக்குக் கலிபோர்னியாவில் இருக்கும் இடம் டெக்சாஸில் மிகவும் குறுகிப்போகிறது. மாநில எல்லையைத் தாண்டினால் சட்டத்தின் கேள்வியே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கார் உண்மையில் யாருடையது?

சிறைத் தண்டனையைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் பார்வையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. போலிக் கையொப்பத்தின் பேரில் விற்கப்பட்ட கார் இப்போது யாருடையது?

தன்னிடம் இல்லாததை எவரும் பிறருக்குக் கொடுக்க முடியாது என்பது பழைய சட்டக் கொள்கை. உரிமையாளர் கையொப்பமிடவில்லை, விற்கச் சம்மதிக்கவும் இல்லை என்றால், அவருடைய உரிமை அவரைவிட்டு நகரவே இல்லை. போலி கையொப்பமிட்டவரிடம் உரிமை எதுவும் இல்லை; அவரிடமிருந்து வாங்கியவருக்கும் எதுவும் வந்துசேரவில்லை. வாங்கியவர் நேர்மையானவராகவும், முழு விலையும் கொடுத்தவராகவும், டி.எம்.வி.யிலிருந்து தம் பெயரில் புதிய டைட்டிலையே பெற்றுவிட்டவராகவும் இருக்கலாம். அப்போதும் நிலைமை இதுதான். அரசு அச்சிட்ட தாள் உரிமைக்குச் சான்றே தவிர, இல்லாத உரிமையை உண்டாக்கும் மந்திரம் அன்று. அடித்தளம் போலி என்று தெரிந்தால் அந்த டைட்டிலைத் துறை ரத்து செய்யலாம். கார் கை மாறிக் கை மாறி நான்காவது ஆளிடம் போயிருந்தாலும், உண்மையான உரிமையாளர் நீதிமன்றம் சென்று அதை மீட்கலாம், அல்லது அதன் மதிப்பை இழப்பீடாகக் கேட்கலாம்.

இதற்கு நேர் அருகில், பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் மற்றொரு நிலைமை இருக்கிறது. உரிமையாளர் தாமே கையொப்பமிட்டுக் காரைக் கொடுத்துவிட்டார். ஆனால் வாங்கியவர் கொடுத்த காசோலை வங்கியில் திரும்பிவிட்டது. இங்கேயும் மோசடி நடந்திருக்கிறது. ஆனால் உரிமையாளரின் சம்மதம் உண்மையாகவே இருந்தது. அது பொய் சொல்லிப் பெறப்பட்டது, அவ்வளவுதான். அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பின் 2-403ஆம் பிரிவு இதைத் தனியாகப் பிரித்துவைக்கிறது. இத்தகைய மோசடிக்காரருக்குக் கிடைப்பது, முதல் உரிமையாளர் விரும்பினால் ரத்து செய்யக்கூடிய உரிமை. அவர் ரத்து செய்வதற்கு முன்பாக, விஷயம் அறியாத மூன்றாமவர் ஒருவர் விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கிவிட்டால் கார் அந்த மூன்றாமவருக்கே நிலைத்துவிடும். சம்மதம் ஏமாற்றிப் பெறப்பட்டதா, அல்லது சம்மதமே இல்லையா என்ற நூலிழை வேறுபாட்டில் ஒரு காரின் உரிமையே இடம் மாறிவிடுகிறது. போலிக் கையொப்பம் இரண்டாவது வகை. அங்கே ரத்து செய்வதற்கு ஒன்றுமே இல்லை, தொடக்கத்திலிருந்தே செல்லாதது. (லூசியானா மாநிலம் இந்தத் தொகுப்பின் விற்பனைப் பகுதியை ஏற்றுக்கொள்ளாமல் தன் சொந்தச் சட்டத்தையே வைத்திருக்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடலாம்.)

உரிமையாளரின் சொந்த நடத்தையும் சில நேரங்களில் கணக்கில் சேரும். கார்களை விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் உரிமையாளரே தம் காரை ஒப்படைத்து வைத்திருந்தாலோ, வாங்குபவர் பெயரை எழுதாமல் வெறும் கையொப்பம் மட்டும் இட்ட டைட்டிலை யாரிடமாவது கொடுத்திருந்தாலோ, பின்னர் நடந்த விற்பனை அவரைக் கட்டுப்படுத்தக்கூடும். பெயர் எழுதாத டைட்டிலில் கையொப்பமிட்டுக் கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஏமாந்து வாங்கியவர் என்ன செய்யலாம்? காரை இழந்தாலும் விற்றவர்மீது அவருக்கு வழக்கு உண்டு. பொருளை விற்கும் எவரும், தமக்கு அதன்மேல் நல்ல உரிமை இருக்கிறது என்று சொல்லாமலே உறுதி தந்தவராகிறார் என்பது அதே தொகுப்பின் 2-312ஆம் பிரிவு. விற்றவருக்கே போலி பற்றித் தெரியாமல் இருந்திருந்தாலும் இந்த உறுதி அவரைக் கட்டுப்படுத்தும். ஆகவே ஒவ்வொருவரும் தமக்கு விற்றவரை நோக்கித் திரும்பி, வழக்குகள் சங்கிலியாகப் பின்னோக்கிச் செல்கின்றன. இத்தகைய வழக்கைக் கார் கைக்கு வந்த நாளிலிருந்து பொதுவாக 4 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். சங்கிலியின் முதல் கண்ணி பணத்தோடு மறைந்துவிட்டால், நடுவில் அகப்பட்டுக்கொண்டவரே இழப்பைச் சுமக்கிறார். அந்தக் காருக்குக் காப்பீடு எடுத்து, பின்பு விபத்தில் சிக்கியவர் என்றால் தொல்லை இரட்டிப்பாகும். காரில் அவருக்கு உரிமையே இல்லை என்பதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முற்படலாம்.

தண்டனைகள்

அமெரிக்கக் குற்றவியல் சட்டம் குற்றங்களை ஃபெலனி எனப்படும் பெருங்குற்றம், மிஸ்டிமீனர் எனப்படும் சிறுகுற்றம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. டைட்டிலில் போலிக் கையொப்பம் பல மாநிலங்களில் முதல் வகையில் வைக்கப்பட்டிருப்பது பலருக்கு வியப்பளிக்கும்.

டெக்சாஸில் மேலே சொன்ன பிரிவின்கீழ் இது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். 2 முதல் 10 ஆண்டுகள் வரை சிறையும், 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஃபுளோரிடாவின் 319.33ஆம் பிரிவு டைட்டிலையோ, அதன் உரிமை மாற்றத்தையோ, கடன் நீக்கக் குறிப்பையோ போலியாக்குவதை மூன்றாம் நிலைப் பெருங்குற்றம் என்கிறது. அங்கே உச்சவரம்பு 5 ஆண்டுகளும் 5,000 டாலரும். நியூயார்க்கில் டைட்டிலுக்கென்று தனிப்பிரிவைத் தேட வேண்டியதில்லை. உரிமையை மாற்றும் ஆவணம், அரசு அலுவலகத்தில் தாக்கல் செய்யப்படும் ஆவணம் ஆகியவற்றைப் போலியாக்குவது இரண்டாம் நிலை ஆவண மோசடி. அதற்கு 7 ஆண்டுகள் வரை சிறை. கலிபோர்னியா சற்று நெகிழ்வானது. அங்கே 4463ஆம் பிரிவின் குற்றத்துக்கு ஓராண்டுக்கு மேற்படாத மாவட்டச் சிறையும் விதிக்கலாம், 16 மாதங்கள், 2 ஆண்டுகள், 3 ஆண்டுகள் என்ற மூன்றில் ஒன்றையும் விதிக்கலாம். பெருங்குற்றமாகவா சிறுகுற்றமாகவா என்பதைச் சூழ்நிலையைப் பார்த்து அரசு வழக்கறிஞரும் நீதிபதியும் தீர்மானிக்க இடமுண்டு.

இவை உச்சவரம்புகள். முன்குற்றம் இல்லாதவர், ஒரே ஒரு கார், இழப்பு திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்ற நிலையில் கண்காணிப்புடன் கூடிய விடுவிப்பு, அபராதம், இழப்பீடு ஆகியவற்றோடு முடிவதும் உண்டு. ஆனால் பெருங்குற்றத் தீர்ப்பு என்பது சிறை நாட்களோடு முடிவதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் தொழில் உரிமம் கோரும்போதும் வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

ஒரு கையொப்பம், பல குற்றங்கள்

ஒரே செயலுக்கு ஒரே குற்றச்சாட்டுதான் வரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் டைட்டில் தாளில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வாசகங்கள் கணக்கை மாற்றிவிடுகின்றன. கலிபோர்னியா டைட்டிலில் கையொப்பமிடுபவர், பொய்ச்சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதியளிப்பதாக அந்தத் தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாநிலத்தில் பொய்ச்சாட்சியத்துக்கு 2, 3 அல்லது 4 ஆண்டுகள். அதாவது, யாரும் படிக்காமல் கடந்துபோகும் அந்த ஒற்றை வரி, போலிக் கையொப்பத்துக்கான தண்டனையைவிடக் கடுமையான தண்டனையைத் தன்னுள் வைத்திருக்கிறது.

அடுத்தது ஓட்டமானி. வாகனம் எவ்வளவு தொலைவு ஓடியிருக்கிறது என்பதை விற்பவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். 2011ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தியவையும் 20 ஆண்டுகள் வரை இந்த விதிக்கு உட்பட்டவை. அதற்கு முந்திய மாடல்கள் இந்தக் கட்டாயத்திலிருந்து விடுபட்டுவிட்டன. விற்பவரும் வாங்குபவருமாக ஒரே ஆள் இரு பக்கமும் கையொப்பமிடுவதை, மிகக் குறுகிய விலக்குகளைத் தவிர, மத்திய விதிகள் தடுக்கின்றன. எனவே அதிகாரப் பத்திரம் வைத்திருக்கும் நண்பர் அந்தக் காரைத் தாமே வாங்கிக்கொள்ள நினைத்தால் இங்கே முட்டிக்கொள்வார். தெரிந்தே வேண்டுமென்று இந்தச் சட்டத்தை மீறுவதற்கு 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. ஏமாற்றும் நோக்கம் இருந்தால், பாதிக்கப்பட்டவர் உண்மையான இழப்பின் மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அதைக் கேட்டு வழக்குத் தொடுக்கலாம்.

மாநில எல்லை கடந்தால் மத்திய அரசின் மற்ற சட்டங்களும் உள்ளே வருகின்றன. திருடப்பட்ட அல்லது போலியான பத்திரங்களை மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்வதற்கான மத்தியக் குற்றத்துக்கு 10 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. அந்தச் சட்டத்தின் ‘பத்திரம்’ என்ற வரையறைக்குள் மோட்டார் வாகன டைட்டிலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அஞ்சலையோ மின்னணுத் தொடர்பையோ பயன்படுத்தி நடந்த மோசடிக்கு 20 ஆண்டுகள் வரை. நிதி நிறுவனம் ஒன்று பாதிக்கப்பட்டால் 30 ஆண்டுகள் வரை. வங்கிக் கடன் தீர்ந்துவிட்டதாகக் காட்ட வங்கி அலுவலரின் கையொப்பத்தைப் போலியாக இடுபவர்கள் இந்தக் கடைசி வரியை இருமுறை படிப்பது நல்லது. தந்தையின் கையொப்பத்தை இட்ட மகன்மீது மத்திய அரசு வழக்குத் தொடுப்பது நடைமுறையில் அரிது. பல கார்கள், பல மாநிலங்கள் என்று விரியும் திட்டமிட்ட மோசடிகளுக்காகவே இச்சட்டங்கள் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன.

ஒஹாயோ, வட கரோலினா போன்ற சில மாநிலங்களில் விற்பவர் நோட்டரி முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். அங்கே ஆளைப் பார்க்காமலே முத்திரையிட்ட நோட்டரியும் தம் பதவியையும் சில நேரங்களில் தம் சுதந்திரத்தையும் இழக்க நேரிடும்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பலர் விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பவர்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த ஆவண மோசடியைக் குடிவரவுச் சட்டம் ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாகவே பார்க்கிறது. நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் அப்படி ஒன்றைச் செய்து, அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க இடமிருந்தால், உண்மையில் எவ்வளவு விதிக்கப்பட்டது என்பதைப் பாராமலே நாடு கடத்த அது காரணமாகலாம்.

இதைவிடக் கடுமையானது வேறொரு பிரிவு. ஆவண மோசடி தொடர்பான குற்றத்துக்கு ஓராண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால், குடிவரவுச் சட்டத்தில் அது ‘கடும் பெருங்குற்றம்’ என்ற வகைக்குள் சேர்ந்துவிடுகிறது. நீதிபதி அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து, ஒருநாள்கூடச் சிறைக்கு அனுப்பாமல் விட்டிருந்தாலும், விதித்த கால அளவே கணக்கு. குற்ற வழக்கில் “ஓராண்டுத் தண்டனை, ஆனால் நிறுத்திவைப்பு” என்ற சமரசம் குடிமகன் ஒருவருக்கு நிம்மதியாக இருக்கலாம். பச்சை அட்டைக்காரருக்கு அதே சமரசம் நாட்டைவிட்டு வெளியேறும் சீட்டாக மாறலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைப் பிரதிவாதியின் வழக்கறிஞர் அவருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில்லா எதிர் கென்டக்கி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் குற்றவியல் வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொள்வதே இத்தகைய வழக்கில் அறிவுடைமை.

அந்த இடத்தை முறையாக நிரப்பும் வழிகள்

இறந்தவரின் காருக்கு, சொத்து முழுவதும் நீதிமன்றம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. கலிபோர்னியாவில் ரெக் 5 என்ற உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. இறப்புக்குப் பின் 40 நாட்கள் கழிந்து, சொத்து சட்டம் குறிக்கும் வரம்புக்குள் இருந்தால், வாரிசு தம் சொந்தப் பெயரில் கையொப்பமிட்டே காரை மாற்றிக்கொள்ளலாம். டெக்சாஸில் வாரிசுகள் அனைவரும் நோட்டரி முன் கையொப்பமிடும் வி.டி.ஆர். 262 படிவம் உண்டு. கட்டுரையின் தொடக்கத்தில் நின்ற மகன் கலிபோர்னியாவில் இருந்திருந்தால், அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் இன்னும் மூன்று வாரங்கள் பொறுத்திருப்பது மட்டுமே.

ஊர் திரும்பப்போகிறவர் விமானம் ஏறுவதற்கு முன்பே, நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு வாகனத்துக்கான அதிகாரப் பத்திரத்தை எழுதிக்கொடுத்துவிடலாம். கலிபோர்னியாவில் இதற்கான படிவத்தின் எண் ரெக் 260. மறந்து போய்விட்டால் டைட்டிலையே கூரியரில் அனுப்பிக் கையொப்பம் வாங்கலாம். இரண்டு வாரத் தாமதம் எரிச்சலூட்டும், உண்மைதான்.

கணவன், மனைவி இருவர் பெயரிலும் உள்ள காரில் தொல்லை தருவது பெயர்களுக்கு இடையில் உள்ள சிறிய இணைப்புச் சொல். ‘அல்லது’ என்ற பொருளில் இணைத்திருந்தால் கலிபோர்னியாவில் ஒருவர் கையொப்பமே போதும். ‘மற்றும்’ என்றோ சாய்கோடிட்டோ இணைத்திருந்தால் இருவரும் கையொப்பமிட வேண்டும். மணமுறிவு நடக்கும் வீடுகளில் மற்றவருடைய கையொப்பத்தைத் தாமே இடும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. அதைவிட, கார் யாருக்கு என்று குடும்ப நீதிமன்றம் ஆணையிடும்வரை காத்திருந்து, அந்த ஆணையையே டி.எம்.வி.யில் கொடுப்பது பாதுகாப்பானது.

ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால்

தம் கையொப்பம் போலியாக இடப்பட்டதை அறிந்த உரிமையாளர் காவல்துறையில் புகார் அளித்து, அதன் பிரதியோடு மோட்டார் வாகனத் துறைக்கும் எழுத வேண்டும். தாமதித்தால் கார் அடுத்தடுத்த கைகளுக்குப் போய், மீட்பது கடினமாகிவிடும். போலியை அறிந்த வாங்குபவர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: நட்டத்தைத் தள்ளிவிடலாம் என்று இன்னொருவருக்கு விற்றுவிடுவது. அதுவரை ஏமாந்தவராக இருந்தவர் அந்த விற்பனையோடு குற்றவாளியாகிவிடுகிறார். பழைய கார் வாங்கும் எவரும் வாகன எண்ணை வைத்து, 1992ஆம் ஆண்டின் கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தின் வழியே உருவான தேசிய மோட்டார் வாகன டைட்டில் தகவல் அமைப்பில் வரலாற்றைப் பார்த்துக்கொள்ளலாம். விற்பவரின் ஓட்டுநர் உரிமத்தை டைட்டிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கோ செலவே இல்லை.

கையொப்பமிட்டவர் தாமே மனம் மாறினால், யாரிடமும் விளக்கம் சொல்வதற்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. தாள் இன்னும் யார் கைக்கும் போகவில்லை, பணமும் மாறவில்லை என்றால் நிலைமை பெரிதும் இலகுவானது. ஆனால் அந்தக் கையொப்பத்தை வெள்ளை மையால் அழிக்கவோ சுரண்டவோ கூடாது; அழித்தல் திருத்தல் உள்ள டைட்டிலை அலுவலகங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை, அழித்த தடமே புதிய கேள்விகளையும் எழுப்பும். உண்மையான உரிமையாளரோ, அவர் இல்லையென்றால் சட்டப்படியான வாரிசோ, மாற்று டைட்டிலுக்கு விண்ணப்பித்து, புதிதாக வரும் தாளில் தம் கையால் தம் பெயரை எழுதிக் கையொப்பமிடலாம். மாற்று டைட்டில் வழங்கப்பட்டதும் பழைய தாள் செல்லாததாகிவிடும்.